ஆர்பிட்ரேஷன் அவார்டும் பிரிவு 34 மனுவும்: கேள்வி பதில்

பதில்கள் 1996-ஆம் ஆண்டு இந்திய நடுவர், சமரசச் சட்டப்படி. அவார்டு என்பது நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தரும் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கோரி நீதிமன்றத்தில் போடுவது பிரிவு 34 மனு; அதற்குக் கெடு மூன்று மாதம்.

கேள்வி: அவார்டு ஜனவரி 10 அன்று கைக்கு வந்தது. மூன்று மாதம் என்பது 90 நாளா சார்?

பதில்: இல்லை, காலண்டர் மாதம். ஏப்ரல் 10 வரை நேரம் உண்டு. போதிய காரணம் காட்டினால் கூடுதலாக 30 நாள், அதாவது மே 10. அதற்குப் பிறகு எந்தக் காரணமும் எடுபடாது; பாப்புலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. உங்கள் தேதியில் ஒரு பொறியும் இருக்கிறது. முதல் மூன்று மாதம் நீதிமன்ற விடுமுறை நாளில் முடிந்தால் திறக்கும் அன்று தாக்கல் செய்யலாம். கூடுதல் 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. மே 10 கோடை விடுமுறைக்குள் விழுந்தால், ஜூனில் போய் நிற்பது வீண்.

கணக்கு தொடங்குவது கையெழுத்திட்ட பிரதி கட்சிக்காரருக்குக் கிடைத்த நாளில். வக்கீலுக்கு மட்டும் கிடைத்தால் போதாது. அதற்காக அந்த வாதத்தை நம்பித் தாமதிக்காதீர்கள். கணக்குப் பிழையைத் திருத்தக் கோரி 30 நாளுக்குள் பிரிவு 33 மனு கொடுத்திருந்தால், அது முடிவான நாளிலிருந்து எண்ண வேண்டும்.

கேள்வி: ஒப்பந்த ஷரத்தை ஆர்பிட்ரேட்டர் தப்பாகப் படித்துவிட்டார். ரத்து ஆகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. இது மேல்முறையீடு அல்ல. ஒரு ஷரத்துக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள முடிந்தால், அவர் எடுத்துக்கொண்டதே நிற்கும். சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார், சாட்சியத்தை மறுபடி எடைபோட வேண்டும் என்பதெல்லாம் பிரிவு 34(2ஏ)-இல் வெளிப்படையாகவே விலக்கப்பட்டவை.

எடுபடக்கூடியவை வேறு: ஒப்பந்தம் நேரடியாகத் தடுத்த தொகையைக் கொடுத்தது, முக்கிய ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது, உங்களுக்குக் காட்டாத ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தது, காரணமே சொல்லாதது. நான் பார்க்கும் மனுக்களில் பாதிக்கு மேல், ஆர்பிட்ரேட்டர் முன் கொடுத்த எழுத்துவாதத்தின் நகல்தான். அது வேண்டாம். 'அவார்டின் இந்தப் பத்தி, எதிரே இந்தச் சான்றாவணம், ஆகவே இந்த உட்பிரிவு' என்று ஒவ்வொரு காரணத்தையும் கட்டுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆர்பிட்ரேட்டர் முன் பதிவான ஆவணங்களையும் சாட்சியத்தையும் வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: மனு போட்டாலே பணம் கட்டுவது நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை. 2015 திருத்தம் தானாக வரும் தடையை எடுத்துவிட்டது. பிரிவு 36-இன் கீழ் ஸ்டே (அவார்டை நிறைவேற்றத் தடை) கேட்டுத் தனி மனு வேண்டும். பண அவார்டு என்றால் டெபாசிட் அல்லது பேங்க் கேரண்டி கேட்பார்கள். அதைத் தயார் செய்துகொண்டே போங்கள். எதிர்த்தரப்பு சிறு, குறு நிறுவனச் சட்டத்தின் கவுன்சில் வழியாக அவார்டு வாங்கிய சப்ளையர் என்றால், அவார்டு தொகையில் 75 சதவீதம் கட்டாமல் மனுவையே ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: வட்டியை மட்டும் குறைக்கச் சொல்லலாமா ஐயா?

பதில்: 2021-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஹக்கீம் தீர்ப்பின்படி கூடாது; அவார்டை ரத்து செய்யலாம், மாற்ற முடியாது என்றது அது. 2025 ஏப்ரல் 30 அன்று அரசியல் சாசன அமர்வு 4-க்கு 1 என்ற கணக்கில் கொஞ்சம் திறந்துவிட்டது: பிரித்தெடுக்கக்கூடிய கெட்ட பகுதியை நீக்கலாம், எழுத்து, கணக்குப் பிழைகளைத் திருத்தலாம், அவார்டுக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழல்களில் மாற்றலாம். அவார்டுக்கு முந்தைய காலத்தின் வட்டி என்றால் இந்தத் தீர்ப்பை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: வேலை கோவையில், சீட் (ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வ இடம்) சென்னை. மனு எங்கே?

பதில்: சென்னையில்.

கேள்வி: 34-இல் தோற்றால்?

பதில்: பிரிவு 37 மேல்முறையீடு, வணிக வழக்குகளில் 60 நாளுக்குள். அங்கே பார்ப்பது 34 நீதிமன்றம் தன் எல்லைக்குள் நின்றதா என்பதை மட்டுமே. மனுவில் எழுப்பாத காரணத்தை அங்கே புதிதாக நுழைப்பது கடினம், எனவே முதல் மனுவிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.