உள்ள இருக்கறவங்களும் வாசல்ல நிக்கறவங்களும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஐரோப்பாவோட வேலை நிலவரத்தப் பத்தி எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்துச்சு, பெரும்பாலும் ஜெர்மனியப் பத்தின கேள்விதான். இடம் இருக்கற வரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: வாரத்துல ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே அவருக்கு வேலை இருக்குன்னு ஐரோப்பாவுல எழுதிடறாங்களாமே, அப்ப அந்த வேலையில்லாதோர் சதவீதத்த எப்படி நம்பறது? (வாசகர், திருப்பூர்)

ஆமா, ஒரு மணி நேரம்தான். அது ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த கணக்கு, ஐரோப்பிய யூனியனோட புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் எல்லா நாட்டுக்கும் அதையேதான் எடுக்குது, நம்ம நாட்டுல வேலை நிலவரத்த எடுக்கற பிஎல்எஃப்எஸ் சர்வேயில வாராந்திரக் கணக்குக்கும் இதே ஒரு மணி நேரம்தான். ஒருத்தர வேலையில்லாதவர்னு எழுதணும்னா அந்த வாரம் ஒரு மணி நேரம்கூட அவர் வேலை பார்த்திருக்கக் கூடாது, கடைசி நாலு வாரத்துல வேலை தேடியிருக்கணும், கிடைச்சா ரெண்டு வாரத்துக்குள்ள போய்ச் சேர ரெடியாவும் இருக்கணும். தேடித் தேடி அலுத்துப்போய் வீட்ல உட்கார்ந்துட்டவர் இந்தக் கணக்குல வரவே மாட்டார்.

ஜெர்மனில இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கணக்கும் ஓடுது, அது அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சவங்க கணக்கு. அங்க வாரம் 15 மணி நேரத்துக்குக் கம்மியா வேலை பார்க்கறவர்கூட வேலையில்லாதவர்னு பதிஞ்சுக்கலாம். ஒரு அம்மா சனிக்கிழமை மட்டும் பேக்கரில ஆறு மணி நேரம் நிக்கறாங்க, மீதி நாள் முழுநேர வேலை தேடிட்டு இருக்காங்கன்னு வெச்சுக்கங்க, சர்வேயில அவங்களுக்கு வேலை இருக்கு, அலுவலகக் கணக்குல இல்ல. ரெண்டும் பொய் கிடையாது, கேட்ட கேள்வி வேற, அவ்வளவுதான். அதனால பேப்பர்ல ஜெர்மனி நம்பர் பார்த்தா எந்தக் கணக்குன்னு முதல்ல பாருங்க. யூரோஸ்டாட் இப்ப வேலை பத்தாம இருக்கற பார்ட் டைம்காரங்க, தேடறத விட்டவங்க எல்லாரையும் சேர்த்துத் தனியா ஒரு அளவு வெளியிடுது, என்னைக் கேட்டா தலைப்புச் செய்தில வரவேண்டிய நம்பர் அதுதான்.

கேள்வி: 2009ல ஸ்பெயின்ல கூட்டம் கூட்டமா வேலை போச்சு, ஜெர்மனில மட்டும் ஏன் போகல? அங்க பொருளாதார மந்தம் வரலையா? (வாசகி, கோவை)

வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. 2009ல ஜெர்மனியோட மொத்த உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல சரிஞ்சுது, ஏற்றுமதி ஆர்டர் நின்னுபோய் மெஷின் கம்பெனிங்க எல்லாம் சும்மா கிடந்துச்சு. ஆனா ஆள அனுப்பல, நேரத்தக் குறைச்சாங்க. குர்ட்ஸ்ஆர்பைட்னு ஒரு திட்டம் அங்க ரொம்பக் காலமா இருக்கு, கம்பெனில வேலை கம்மியாச்சுன்னா எல்லாரையும் பாதி நேரத்துக்கு வரச்சொல்லலாம், பார்க்காத நேரத்துக்கான கூலில ஒரு பங்க அரசாங்கத்தோட காப்பீட்டு நிதி குடுத்துடும்.

கைக்கு எவ்வளவு வரும்னு பார்க்கலாம். மாசம் பிடித்தம் எல்லாம் போக 2,000 யூரோ வாங்கற ஒருத்தருக்கு நேரம் பாதியாகி, கம்பெனி தர்றது 1,000 யூரோவா குறைஞ்சுதுன்னு வைங்க. குறைஞ்சுபோன 1,000ல 60 சதவீதம், அதாவது 600, நிதியில இருந்து வரும், குழந்தை இருந்தா 67 சதவீதம். ஆக பாதி வேலைக்கு 1,600 யூரோ, குழந்தை இருந்தா 1,670. வாடகை கட்டிடலாம், மளிகைக் கடைக்கும் பாக்கி வைக்க வேண்டாம், எல்லாத்தவிட முக்கியமா காலைல எழுந்து போறதுக்கு ஒரு இடம் இருக்கு, மெஷின்ல கை பழக்கம் விட்டுப்போகாது. 2009 மே மாசத்துல கிட்டத்தட்ட 14 லட்சம் பேர் இப்படித்தான் இருந்தாங்க. கொரோனா வந்து 2020 ஏப்ரல்ல அது 60 லட்சத்தத் தொட்டுச்சு.

இன்னொரு விஷயம், ஓவர்டைம் பார்த்த நேரத்தப் பணமா வாங்காம கணக்குல சேர்த்து வைக்கற வழக்கம் அங்க நிறைய கம்பெனில உண்டு, மந்தம் வந்தப்ப அந்த நேரத்த எடுத்துக் கழிச்சுக்கிட்டாங்க. பர்டா, ஹன்ட்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2011ல எழுதின கட்டுரைல இன்னும் ஒரு காரணம் சொல்றாங்க, மந்தத்துக்கு முன்னாடி வியாபாரம் நல்லா ஓடினப்பவே முதலாளிங்களுக்கு அது நீடிக்கும்னு நம்பிக்கை இல்ல, அதனால ஆளக் கம்மியாத்தான் எடுத்திருந்தாங்க, அப்புறம் அனுப்பறதுக்கும் ஆள் இல்ல.

ஸ்பெயின் கதை வேற. அங்க மந்தத்துக்கு முன்னாடி மூணுல ஒருத்தர் தற்காலிக ஒப்பந்தத்துல இருந்தார், வீடு கட்டற தொழில் உப்பிப்போய் இருந்துச்சு, அது உடைஞ்சதும் ஒப்பந்தம் முடியற தேதி வந்தப்பவே ஆள அனுப்பிட்டாங்க, நஷ்ட ஈடு பேச்சே பெருசா இல்ல. 2007ல 8 சதவீதமா இருந்த வேலையின்மை 2013ல 26 சதவீதம் ஆச்சு, இளைஞர்கள்ல பாதிக்கு மேல. அதுல பாடம் கத்துக்கிட்டுதான் கொரோனா சமயத்துல ஸ்பெயினும் எர்ட்டேன்னு இதே மாதிரி திட்டத்தப் பெரிய அளவுல இறக்கி 30 லட்சத்துக்கு மேல ஆளுங்களோட வேலையக் காப்பாத்துச்சு, 2021 கடைசில தற்காலிக ஒப்பந்தத்துக்கும் சட்டம் போட்டுக் கடிவாளம் கட்டுச்சு.

ஆனா ஜெர்மனி திட்டத்துல எனக்கு ஆறாத ஒரு குறை இருக்கு. மினி ஜாப்னு அங்க சின்ன வேலைங்க இருக்கு, ஹோட்டல்ல பிளேட் கழுவறது, கடைல பில் போடறது, இந்த மாதிரி, நிறையப் பேர் பெண்கள், மாணவர்கள். அவங்க வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பணம் கட்டறதில்ல, அதனால 2020ல கடைய மூடினதும் அவங்களுக்கு ஒரு பைசா வரல, லட்சக்கணக்குல பேர் அப்படியே வெளிய வந்துட்டாங்க. உள்ள இருக்கறவர அவ்வளவு அக்கறையா தாங்கின அதே திட்டம் வாசல்ல நின்னவங்களைப் பார்க்கவே இல்ல.

கேள்வி: குறைந்தபட்சக் கூலிய ஏத்தினா வேலை போயிடும்னு சொல்றாங்களே? (வாசகர், மதுரை)

ஜெர்மனிலயும் அப்படித்தான் பயமுறுத்தினாங்க, பல லட்சம் வேலை போகும்னு. 2015 ஜனவரில மணிக்கு 8.50 யூரோன்னு கொண்டு வந்தாங்க, கீழ்மட்டத்துல கூலி ஏறுச்சு, சொன்ன மாதிரி வேலை போகல. கம்மிச் சம்பளம் குடுத்துட்டு இருந்த சின்னக் கடைய விட்டுட்டு நல்ல நிறுவனத்துக்கு ஆட்கள் மாறினதா பொருளாதார ஆராய்ச்சியாளர் கிறிஸ்டியன் டஸ்ட்மன் குழு ஆராய்ச்சில காட்டுச்சு. 2025ல அது 12.82 யூரோ.

கேள்வி: எங்க ஊரே சுரங்கத்த நம்பி இருக்கு. ஜெர்மனில நிலக்கரிச் சுரங்கத்த மூடினப்ப ஜனங்க என்ன ஆனாங்க? (வாசகர், நெய்வேலி)

உங்க கவலை புரியுது. ரூர்னு சொல்ற பகுதிதான் அங்க கரிச் சீமை, எஸன், போகும், டோர்ட்முண்ட், கெல்சென்கிர்ஹென் எல்லாம் அதுல வர்ற ஊருங்க. 1957 வாக்குல மேற்கு ஜெர்மனி நிலக்கரித் தொழில்ல 6 லட்சம் பேர் இருந்தாங்க. போட்ராப் ஊர்ல கடைசிச் சுரங்கம் மூடினது 2018 டிசம்பர் 21, கடைசியா எடுத்த கரிக்கட்டிய ஜனாதிபதி ஸ்டைன்மையர் கையில குடுத்தாங்க. நடுவுல 60 வருஷம் ஓடியிருக்கு பாருங்க, ஒரே நாள்ல பூட்டல.

ஒரு சுரங்கம் மூடினா அங்க இருந்தவங்கள அடுத்த சுரங்கத்துக்கு மாத்தினாங்க, வேற தொழில் கத்துக்க அனுப்பினாங்க, பூமிக்கடில வேலை பார்த்தவங்களுக்கு 50 வயசு வாக்குலயே ஒரு உதவித்தொகை குடுத்து, பென்ஷன் வர்ற வரைக்கும் ஓட்ட வழி பண்ணாங்க. தொழிற்சங்கம் வலுவா இருந்ததாலதான் இது நடந்துச்சு, அரசாங்கமும் கொட்டிக் குடுத்துச்சு. யாரையும் நடுத்தெருவுல விடாததுக்கு அவங்கள மனசார மதிக்கறேன்.

ஆனா அப்பாவுக்கு வழி கிடைச்சுது, பையனுக்கு? சுரங்கத்துல புதுசா ஆள் எடுக்கறது நின்னுபோச்சு. அதுக்குன்னுதான் போகும்ல 1965ல யுனிவர்சிட்டி திறந்தாங்க, அதுக்கு முன்னாடி அவ்வளவு பெரிய தொழில் பகுதில ஒரு யுனிவர்சிட்டிகூட கிடையாது. அதே ஊர்ல பழைய சுரங்க நிலத்துல 1962ல ஓப்பல் கார் கம்பெனி வந்துச்சு, 2014ல அதுவும் போச்சு. நோக்கியாவும் வந்துட்டு 2008ல ருமேனியாவுக்குப் போயிடுச்சு. ஓப்பல் இருந்த இடத்துல இப்ப டிஹெச்எல் பார்சல் சென்டரும், யுனிவர்சிட்டியோட ஆராய்ச்சிக் கட்டடங்களும் இருக்கு. கெல்சென்கிர்ஹென் மட்டும் இன்னமும் எழுந்திரிக்கல, நாட்டுலயே வேலையின்மை ரொம்ப அதிகமா இருக்கற ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. நெய்வேலிக்கு ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தா, இப்ப வேலைல இருக்கறவங்களுக்கு என்ன தருவீங்கன்னு கேக்கறதோட நிறுத்திடாதீங்க, இன்னிக்கு பத்தாவது படிக்கற பசங்களுக்கு என்னன்னும் சேர்த்துக் கேளுங்க.

கேள்வி: ரோபோ வந்தா பாதிப் பேருக்கு வேலை இருக்காதாமே? (கல்லூரி மாணவர், திருச்சி)

அந்தப் பாதிங்கற பேச்சு 2013ல ஆக்ஸ்ஃபோர்ட்ல ஃப்ரே, ஆஸ்பர்ன் ரெண்டு பேரும் அமெரிக்காவுக்குப் போட்ட 47 சதவீதத்துல இருந்து வருது. அது ஒவ்வொரு தொழிலையும் மொத்தமா எடுத்துப் பார்த்த கணக்கு, அதுவும் மெஷினால முடியுமான்னு மட்டும்தான் பார்க்குது, நிஜத்துல மாத்துவாங்களாங்கறது அதுல கிடையாது. 2016ல ஓஇசிடின்னு சொல்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்புக்காக ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு வேலைக்குள்ளயும் இருக்கற சின்னச் சின்னக் காரியத்தப் பிரிச்சுப் பார்த்தாங்க, அது 9 சதவீதமா இறங்கிடுச்சு.

நிஜமா ரோபோ இறக்கின இடத்துல நடந்தது என்னன்னு டௌத், ஃபிண்டைசன், சூடெகும், வோஸ்னர்னு நாலு ஆராய்ச்சியாளர்கள் 1994ல இருந்து 2014 வரைக்கும் ஜெர்மனியப் பார்த்தாங்க. இன்ஷூரன்ஸ் பதிவுல ஒவ்வொரு ஆளும் எந்தக் கம்பெனில எத்தனை நாள் இருந்தாங்கற விவரம் நூரம்பெர்க்ல இருக்கற ஐஏபிங்கற வேலைவாய்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கு, அதனாலதான் இதெல்லாம் முடியுது. ஃபேக்டரி வேலை குறைஞ்சுது, சேவைத் துறைல அந்த அளவுக்குக் கூடுச்சு. ஏற்கெனவே ஃபேக்டரில இருந்தவங்கள அனுப்பல, அதே கம்பெனில வேற வேலைக்கு மாத்தினாங்க. குறைஞ்சது எங்கன்னா, புதுசா வர்ற இளைஞர்கள எடுக்கறதுல. படிச்சு முடிச்சு வெளிய வரப்போற உங்களுக்குத்தான் இந்த விஷயம் ரொம்ப முக்கியம் தம்பி, ஒரே மெஷின ஓட்டறத மட்டும் கத்துக்கிட்டு நின்னுடாதீங்க, அதப் பழுது பார்க்கறதையும் புரோகிராம் பண்றதையும் கத்துக்கங்க.

கேள்வி: என் பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிருக்கா. ஜெர்மனில நர்சுக்குப் பஞ்சம்னு ஒரு ஏஜென்ட் சில லட்சம் கேக்கறார். பஞ்சம்ங்கறது நெசமா? (வாசகி, சேலம்)

நெசம்தாம்மா. அங்க பற்றாக்குறைன்னு வாய்க்கு வந்தபடி சொல்றதில்ல, வருஷா வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகம் கணக்குப் போடுது. ஒரு வேலைக்கு ஆள் கிடைக்க எத்தனை நாள் ஆகுது, ஒரு காலியிடத்துக்கு எத்தனை பேர் தேடறாங்க, அந்தத் தொழில்ல சம்பளம் எப்படி ஏறுதுன்னு ஆறு அளவு பார்த்து பாயின்ட் போட்டு, சராசரி 2 இல்ல அதுக்கு மேல வந்தாத்தான் பற்றாக்குறைன்னு பட்டியல்ல ஏத்துவாங்க. நர்சிங் அதுல இருக்கு.

ஆனா பொண்ணோட படிப்ப அங்க அங்கீகரிக்கணும், ஜெர்மன் மொழில பி2ங்கற தேர்ச்சி நிலை வேணும், அது முடியற வரைக்கும் உதவியாளர் சம்பளத்துலதான் இருக்கணும், இத ஏஜென்ட் சொன்னாரான்னு கேளுங்க. பணத்துக்கு வருவோம். நம்ம நாட்டுல பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். வெளிநாட்டு நர்சுகள எடுக்கறதுக்கு ஜெர்மன் அரசு ஒரு முத்திரை வெச்சிருக்கு, அந்த முத்திரை வாங்கின ஆளெடுக்கற நிறுவனங்க நர்ஸ்கிட்ட காசே வாங்கக் கூடாது, செலவு வேலை குடுக்கறவரோடது. அதனால லட்சத்த எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல அந்த ஏஜென்ட் பதிவு இருக்கான்னு பாருங்க, சென்னைல தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துலயும் ஒரு தடவை விசாரிச்சுடுங்க. அதுவரைக்கும் பொண்ண ஜெர்மன் வகுப்புல சேர்த்து விடுங்க, எந்த வழியில போனாலும் பி2 இல்லாம முழு நர்ஸ் சம்பளம் வராது.