குப்பை அள்ளுவதற்குக்கூட நகராட்சி ஏன் விதி போடுகிறது?

யார் அள்ள வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும், எங்கே கொட்டலாம், என்ன கட்டணம் என்பதை நகராட்சி முடிவு செய்வதுதான் குப்பை ஒழுங்குமுறை. அவரவர் ஆள் வைத்து அள்ளினால் என்ன என்று தோன்றும். ஆனால் காசு பெறும் அட்டை, பாட்டில், இரும்பை எடுக்க ஆள் வருவார்கள், ஈரக்குப்பையை யார் எடுப்பது? மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து பாருங்கள், தோலும் கொட்டையும் கட்டிப் போட்ட கேரி பேக் இரண்டே நாளில் நீர் விட்டு, ஈ மொய்த்து, சாக்கடையையும் அடைத்துக்கொள்ளும், அவதிப்படுவது போட்டவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

ஏரிப் பாசனத்தில் முறை வைப்பது போலத்தான் இது. முறை இல்லாவிட்டால் தலைமடைக்காரர் வயல் நிரம்பும், கடைமடை காயும். அதேபோல, விதி இல்லாவிட்டால் வசதியான தெருவுக்கு மட்டும்தான் வண்டி போகும்.

அப்புறம், கலந்துவிட்ட குப்பையை மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. சோற்றுத் தண்ணீர் பட்ட அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள் ஈரம், உலர்ந்தது, வீட்டு அபாயக் கழிவு என்று வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது.

இதனால் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்குத் தடை என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, அவர்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் சேர்க்க வேண்டும் என்றுதான் அதே 2016 விதிகள் சொல்லின.