காசநோய்த் தடுப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் ஏன் செலுத்துகிறார்கள்?

சிறுநீர்ப்பைக் கட்டியை அகற்றிய பிறகும் தந்தைக்கு ஆறு வாரம் பி.சி.ஜி. செலுத்த வேண்டும் என்கிறார்களே, அது காசநோய்த் தடுப்பூசி அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பி.சி.ஜி.தான். தசைக்குள் இறங்காத, ஆனால் திரும்ப வரும் அபாயம் மிகுந்த புற்றுக்கு, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளை மெல்லிய குழாய் வழியாகப் பைக்குள் விட்டு, ஏறத்தாழ 2 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்கச் சொல்வார்கள். அவை உட்சுவரில் அழற்சியைத் தூண்ட, அங்கே திரளும் நோயெதிர்ப்பு அணுக்கள் எஞ்சிய புற்றணுக்களையும் சேர்த்து அழிக்கின்றன.

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வரோ மொராலிஸ் குழுவினர் 1976-இல் வெளியிட்ட ஆய்வே இதன் தொடக்கம். வாரம் ஒன்றாக 6 முறை என்ற கணக்கு ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்ததன்று. அன்று அவர்களுக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பிகளாக வந்தது என்பதே காரணம். அந்தக் கணக்கு இன்றும் நிலைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் வருவதும் ஓரிரு நாளில் தணியும். கடுங்காய்ச்சல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்றாம் மாதம் உள்நோக்கிக் கருவியால் பையைப் பார்க்கும் பரிசோதனையை, வலியே இல்லாவிட்டாலும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: திரும்பி வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.