தொலைக்காட்சியில் பாதிப் பாதி நேரம்

வணக்கம் அம்மா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் செட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் கோயில் கமிட்டியில் நெடுநாளாக உறுப்பினர். போன வாரம் இங்கே ஒரு செய்திச் சேனலில் ஒரே பாலினத் திருமணம் பற்றி விவாதம் வைத்தார்கள். நான்கு பேரில் மூவர் ஆதரவு. எதிர்ப்புக்கு ஒரு பாஸ்டர், அவரையும் முழுதாகப் பேச விடவில்லை. தொகுப்பாளரே ஒரு பக்கத்துக்கு வக்கீல் மாதிரி இருந்தார். இந்துக்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை, முஸ்லிம்களிலும் இல்லை. நம் வீடுகளில் இல்லாத ஒன்றை நம் வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து, அதற்கு நம் கருத்தையும் கேட்காமல் போனால் எப்படி? நடுநிலை என்றால் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி நேரம் கொடுப்பதுதானே? 2023-இல் தில்லி உச்ச நீதிமன்ற வழக்கின்போது டிஷ்ஷில் வரும் சென்னைச் சேனல்களில் இரண்டு தரப்பையும் சமமாக உட்காரவைத்தார்கள். நாளைக்கு நம் கோயிலிலும் இந்தத் திருமணங்களை நடத்தச் சொல்வார்களோ என்று கமிட்டியில் பயப்படுகிறார்கள். சேனலுக்குப் புகார் எழுதலாமா? நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது.

கே.

அன்புள்ள ஐயா,

எழுதலாம். எழுதத்தான் வேண்டும். ஆனால் என்ன எழுதுவது என்பதில் உங்களோடு நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த பாஸ்டர். அவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இந்தப் பேச்சு வந்தாலே நம் சேனல்கள் மதத்தின் சார்பில் ஒரே ஒருவரைத் தேடுகின்றன, அதுவும் சத்தமாகப் பேசுகிறவரை. பார்க்கிறவர்களுக்கு மதம் என்றால் கோபம், எதிர்த்தரப்பு என்றால் நியாயம் என்ற படம்தான் மனதில் நிற்கும். நடப்பது அதுவல்ல. டச்சு சீர்திருத்தத் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் ஒரே பாலின இணைகளை ஏற்றுக்கொள்ளும் தீர்மானத்தை அவர்களுடைய பொதுச் சபை நிறைவேற்றியது, 2016-இல் அதைத் திரும்பப் பெற்றது. திருச்சபை உறுப்பினர்களே வழக்குப் போட, 2019-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த 2016 முடிவை ரத்து செய்தது. டெஸ்மண்ட் டூட்டு கடைசிவரை ஓரினச் சேர்க்கையாளர்களின் பக்கம் நின்ற பேராயர். அவர் மகள் ஒரு பெண்ணை மணந்தபோது, இங்கே ஆங்கிலிக்கன் பாதிரியாராகப் பணிசெய்யும் தன் உரிமத்தை அந்த மகள் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. திருச்சபைகளுக்குள்ளேயே இவ்வளவு வாதம். இதையெல்லாம் ஒரு பாஸ்டரின் இரண்டு நிமிடத்துக்குள் அடைத்துவிடுவது பாரபட்சம்தான். பக்திமான்கள் எல்லாருக்கும் அது அநீதி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் சரியாகியிருக்குமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். நமக்குச் சபை கூடி ஓட்டுப்போடும் ஏற்பாடு கிடையாது. உங்கள் கோயில் ஒன்று சொல்லும், அடுத்த தெருக் கோயில் வேறு சொல்லும். "இந்து மதம் எதிர்க்கிறது" என்று ஒருவர் திரையில் உட்கார்ந்து சொன்னாலும் சரி, "ஆதரிக்கிறது" என்று சொன்னாலும் சரி, அது அவர் சொந்தக் கருத்து, அவ்வளவே.

இப்போது பாதிப் பாதி நேரத்துக்கு வருகிறேன். 2006-இல் நீங்கள் இதைக் கேட்டிருந்தால் நான் உடனே ஒத்துக்கொண்டிருப்பேன். 2005 டிசம்பர் 1 அன்று, நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பில், ஒரே பாலின இணைகளைத் திருமணத்துக்கு வெளியே நிறுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்தது. மாகாணம் மாகாணமாகப் பொது விசாரணைகள் நடந்தன, எதிர்ப்பவர்கள் திரண்டு வந்து பேசினார்கள். அவர்களைக் காட்டுவதும் முழுதாகப் பேச விடுவதும் செய்தியாளரின் கடமையாக இருந்தது, ஏனென்றால் சட்டம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. நவம்பர் 14 அன்று தேசிய சபை 230-க்கு 41 என்ற வாக்கில் மசோதாவை நிறைவேற்றியது. நவம்பர் 30-இல் அது நடைமுறைக்கு வந்தது.

அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இன்று இரண்டு பெண்கள் ஹோம் அஃபேர்ஸில், அதாவது உள்துறை அலுவலகத்தில், போய்ப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள் என்றால் அது சட்டப்படி முடிந்த காரியம். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா?" என்று இன்னொருவரிடம் கேட்பது நடுநிலை ஆகாது. முடிந்துபோன வழக்கை, வென்றவர்களின் முகத்துக்கு நேரே ஒவ்வொரு முறையும் மறுபடி திறப்பது அது. மனதால் இதை ஏற்க முடியாதவர்கள் இங்கே ஏராளமாக இருக்கிறார்கள். ஏன் ஏற்க முடியவில்லை என்று அவர்களிடம் பொறுமையாகக் கேட்டு ஒரு முழு நிகழ்ச்சி செய்தால் நான் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அது வேறு நிகழ்ச்சி.

ஐயா, நம்மவர்களுக்கு இது புரிய வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் 1913. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று கேப் டவுனில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணம் இந்த நாட்டில் செல்லாது என்பது அதன் சாரம். வழக்கில் சிக்கியது ஒரு முஸ்லிம் பெண்தான் என்றாலும், நம் பாட்டிமார்களின் தாலியும் அதோடு சேர்ந்து செல்லாததாகிவிட்டது. மனைவி என்ற இடம் போயிற்று, பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளானது. அதுவரை பெண்களைச் சத்தியாக்கிரகத்தில் சேர்க்காமல் இருந்த காந்தி, அதன் பிறகுதான் சேர்த்தார். ஜோகானஸ்பர்க் பகுதித் தமிழ்ப் பெண்கள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் வந்தார்கள், நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது பதினாறு. இந்தியர்கள் மீதான தலைவரியை ஒழித்த அதே 1914 நிவாரணச் சட்டம்தான் நம் திருமணங்களுக்கும் ஒரு வழி செய்தது.

அந்த மார்ச் மாதம் தொலைக்காட்சி இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு தமிழ்த்தாய், மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், நடுவில் தொகுப்பாளர். "இந்துக் கல்யாணம் கல்யாணமா?" என்பது கேள்வி. ஆளுக்குச் சரிபாதி நேரம். அந்தத் தாய்க்கு அது நியாயமாக இருந்திருக்குமா? அவள் குடும்பம் குடும்பமா என்ற கேள்வியை எழுப்பி, அதற்கு அவளையே பதில் சொல்ல வைத்த அந்த நொடியிலேயே அநியாயம் நடந்துவிட்டதே.

அது வேறு, இது வேறு என்பீர்கள். வேறுதான். அன்று மதம் காரணம், இன்று பாலினம். ஆனால் வீட்டுக்குள் வந்து விழும் அடி ஒன்றுதான். ஓய்வூதியம் யாருக்கு, மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவது யார், வீடு யார் பெயருக்குப் போகும், பிள்ளைக்கு யார் பொறுப்பு, எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது. நம் கொள்ளுப்பாட்டிகள் சிறைக்குப் போனது இந்தக் கேள்விகளுக்காக. நான் எந்தப் பக்கம் என்பதற்கும் இதுதான் காரணம்.

உங்கள் கமிட்டியின் பயத்துக்கு வருகிறேன். 2006 சட்டத்தில் எந்தப் பூசாரியையும் எந்தக் கோயிலையும் கட்டாயப்படுத்தும் வரி ஒன்றுகூட இல்லை. ஒரு மத அமைப்பு தானாக விண்ணப்பித்தால்தான் இந்தத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரமே அதற்குக் கிடைக்கும். விண்ணப்பிக்காத கோயிலை யாரும் எதுவும் கேட்க முடியாது. அதற்கு நேர்மாறாக, மறுக்கும் சலுகை அரசு அதிகாரிகளுக்கே இருந்தது. ஹோம் அஃபேர்ஸ் ஊழியர் மனச்சாட்சியைக் காரணம் காட்டி எழுதிக்கொடுத்தால் விலகிக்கொள்ளலாம் என்று ஆறாவது பிரிவு சொன்னது. மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படி விலகியிருந்தார்கள். அதனால் பல ஊர்களில் சட்டம் இருந்தும் கல்யாணம் செய்துவைக்க ஆள் கிடைக்காமல் இணைகள் அலைந்தார்கள். 2020-இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இந்த இரண்டு விவரத்தையும் நீங்கள் பார்த்த விவாதத்தில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் உங்கள் கமிட்டியின் பயம் அன்றைக்கே போயிருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்த நிகழ்ச்சியின் பெரிய குற்றம் அதுதான். யாருக்கு எத்தனை நிமிடம் என்பது அதற்குப் பிறகு.

சண்டையைக் காட்டினால் பார்க்க ஆள் உண்டு, சட்டத்தை விளக்கினால் இல்லை என்று சேனல்கள் முடிவு செய்து ரொம்ப நாளாகிவிட்டது. 2021 மே மாதம் அரசாங்கம் திருமணச் சட்டம் பற்றிய பசுமை அறிக்கையை, அதாவது கருத்துக் கேட்கும் கொள்கை வரைவை, வெளியிட்டதே, நினைவிருக்கிறதா? பெண்ணும் பல கணவர்களை மணக்கலாமா என்று அதில் ஓர் இடத்தில் கேட்டிருந்தார்கள். அப்புறம் பேச்செல்லாம் அதைப் பற்றியே. பல மனைவிகளோடு ரியாலிட்டி ஷோவில் வரும் ஒருவர் அதை எதிர்த்துப் பேசியது உலகச் செய்தி ஆனது. அதே அறிக்கை இந்து, முஸ்லிம் திருமணங்களுக்குச் சட்டத்தில் முழு இடம் இல்லாததையும் பேசியது. ஐயா, அது நம் பிரச்சினை. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்துவிட்ட பெண்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்து முறைப்படி மணந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். திருமணம் பதிவாகாததால் அவர் மனைவி வாரிசு என்று நிரூபிக்க டர்பன் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஜெயித்தார், ஆனால் அது வாரிசுரிமைக்கு மட்டும். எல்லா வகைத் திருமணங்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் மசோதா 2023 கடைசியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நம் விதவைகளும் அந்த இரண்டு பெண்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தொலைக்காட்சி நம்மை எதிரெதிராக உட்காரவைக்கிறது.

"நம் வீடுகளில் இல்லாத ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்கு மட்டும் நான் சற்று அழுத்தமாகவே பதில் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் டர்பனிலேயே ஃபீனிக்ஸிலிருந்தும் மெரிபேங்கிலிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. சிலவற்றை எழுதுவது பிள்ளைகள், சிலவற்றை அவர்களுடைய அம்மாக்கள். இருக்கிறார்கள், ஐயா. திரையில் அவர்கள் வருவதில்லை, அதனால் இல்லை என்று நினைக்கிறோம். 2013-இல் க்வாடுகூசாவில் இரண்டு இளைஞர்கள் ஆப்பிரிக்கப் பாரம்பரிய முறைப்படி மணந்துகொண்டது எல்லாச் சேனலிலும் வந்தது. நமக்குப் பழகிய பெயரில் ஸ்டாங்கர்தான் அது, சுற்றிலும் நம் ஜனங்கள். அதைப் பார்த்தபோதும் நம்மவர்கள் அது அவர்கள் சமாச்சாரம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். சட்டம் வந்த அதே 2006-இல், பிப்ரவரியில், கேப் டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் சோலிஸ்வா ங்கொன்யானா என்ற பத்தொன்பது வயதுப் பெண் பெண்களை நேசித்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டாள். வழக்கு ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்பாக இழுத்து, தண்டனை அறிவிக்க 2012 ஆனது. ஸ்டுடியோவில் இது "தலைப்பு". அவளுக்கு உயிர். அன்று நீங்கள் விவாதம் பார்த்த அதே நேரத்தில், செட்ஸ்வொர்த்திலேயே எங்கோ ஒரு சோபாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கும். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

சென்னைச் சேனல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வழக்கு முடிவாகாமல் இருந்தது, எனவே இரண்டு தரப்பும் தேவைதான். ஆனால் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையைத் தானே நேரலையில் காட்டியது. இருபுறத்து வக்கீல்களும் மணிக்கணக்கில் வாதாடினார்கள், நீதிபதிகள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். 2023 அக்டோபர் 17-இல் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றதில் ஒன்றுபட்டு, இணைவாழ்வை அரசு அங்கீகரிக்க வேண்டுமா என்பதில் மூவர், இருவர் எனப் பிரிந்தார்கள். எனக்கு வருத்தம் தந்த தீர்ப்பு. ஆனாலும் இரு தரப்பையும் மரியாதையாகக் கேட்பது எப்படி என்று அந்த நேரலையில் கற்றுக்கொள்ளலாம். சென்னை விவாதங்களில் நான் அதைக் காணவில்லை.

இனி உங்கள் புகார். ஒலிபரப்புப் புகார் ஆணையம் 1993 முதல் இங்கே இருக்கிறது. நிகழ்ச்சி வந்த முப்பது நாளுக்குள் எழுத வேண்டும், செலவு எதுவும் கிடையாது. சேனல், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் நான்கையும் குறிப்பிடுங்கள். அவர்களுடைய விதி பாதிப் பாதி நேரம் கேட்பதில்லை. பொது முக்கியத்துவமுள்ள சர்ச்சையில் எதிர்க் கருத்தையும் நியாயமாக முன்வைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது, அதே நிகழ்ச்சியில் இல்லாவிட்டால் அதைத் தொடரும் நிகழ்ச்சியில். ஆகவே நிமிடக் கணக்கில் போனால் தோற்பீர்கள். பாஸ்டரை இடைமறித்ததை எழுதுங்கள். ஒரு மதத்துக்குள்ளேயே இருக்கும் பல கருத்துகளை ஒருவர் வாயில் அடக்கியதை எழுதுங்கள். கோயில்களுக்குக் கட்டாயம் இல்லை என்ற விவரத்தைச் சொல்லாமல் விட்டு வீண் பயத்தை வளர்த்ததை முக்கியமாக எழுதுங்கள். சேனலுக்குத் தனியாக இன்னொரு கடிதம் போட்டு, திருமண மசோதா இந்து விதவைகளுக்கு என்ன செய்யும் என்று ஒரு நிகழ்ச்சி வையுங்கள் என்று கேளுங்கள். கமிட்டி கையெழுத்துப் போடத் தயங்கினால் உங்கள் பெயரிலேயே அனுப்பலாம், தனிநபர் புகாரையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அன்புடன்.