லக்ஸ் வட்டைத் திறக்க முடியவில்லையா? அனுமதிச் சிக்கல்கள்: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸில் லக்ஸ் (வட்டை மறையாக்கிப் பூட்டும் முறை) போட்ட வட்டு திறக்கவில்லை. தப்பு கடவுச்சொல்லிலா, அனுமதியிலா?

பதில்: பிழைச் செய்தியே சொல்லிவிடும். ‘நோ கீ அவைலபிள் வித் திஸ் பாஸ்ஃபிரேஸ்’ என்றால் கடவுச்சொல் தவறு. ‘நாட் ஆதரைஸ்டு’ என்றால், யாருக்கு எந்த அனுமதி என்று முடிவெடுக்கும் போல்கிட் மறுக்கிறது. அப்போது கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றி அடித்தாலும் பயனில்லை.

கேள்வி: பென்டிரைவ் உடனே திறக்கிறது. கணினிக்குள் இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் அட்மின் பாஸ்வேர்டும் கேட்கிறதே?

பதில்: இரண்டுமே லக்ஸ்தான், ஆனால் யுடிஸ்க்ஸ் (வட்டுகளைக் கையாளும் பின்னணிச் சேவை) அவற்றை வேறு வேறாக நடத்துகிறது. கழற்றி மாட்டும் வட்டுக்கு ‘என்கிரிப்டட்-அன்லாக்’ என்ற செயல். கணினி முன் உட்கார்ந்து லாகின் செய்தவரை அதில் போல்கிட் தடுப்பதில்லை. உள்வட்டுக்கு ‘என்கிரிப்டட்-அன்லாக்-சிஸ்டம்’, அதற்கு அட்மின் வேண்டும். எட்சி (/etc) அடைவில் போல்கிட்-1 என்ற அடைவுக்குள் ரூல்ஸ்.டி இருக்கும். அங்கே ஒரு விதிக் கோப்பு எழுதி, ஒரு குறிப்பிட்ட குழுவினருக்கு மட்டும் ‘எஸ்’ (ஆம்) என்று திருப்பி அனுப்புங்கள். ‘ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்-சிஸ்டம்’ செயலையும் அதே விதியில் சேர்த்துவிடுங்கள். விட்டுவிட்டால், வட்டு திறந்த பிறகு மவுண்ட் செய்யும்போது (ஓர் அடைவில் இணைக்கும்போது) அதே பாஸ்வேர்டு பெட்டி மறுபடி வந்து நிற்கும்.

கேள்வி: விதி எழுதியும் பலனில்லை. டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாறினேன்.

பதில்: போல்கிட்டின் பழைய விதி வடிவமான பிகேஎல்ஏ கோப்பாக இருக்கும். டெபியன் 12-இன் போல்கிட் ஜாவாஸ்கிரிப்ட் விதிகளைத்தான் படிக்கும். பிகேஎல்ஏ வேண்டுமென்றால் போல்கிட்டி-பிகேஎல்ஏ பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். புது வடிவில் எழுதியும் வேலை செய்யவில்லையா? கோப்பின் பெயர் ‘.ரூல்ஸ்’ என்று முடிகிறதா, அனுமதி 644-ஆ (எல்லோரும் படிக்கலாம்) என்று பாருங்கள். போல்கிட்டி (போல்கிட்டின் சேவை நிரல்) ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள கணக்கில், ஓடுவதில்லை. ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு 600-இல் (உரிமையாளருக்கு மட்டும்) இருந்தால் அதைத் திறக்கவே முடியாது. பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் போல்கிட் யூனிட்டைப் பார்த்தால் அந்தப் பிழை தெரியும்.

கேள்வி: அதே பயனர்தான். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இணையும் முறை) வழியாக வந்தால் பென்டிரைவுக்கும் பாஸ்வேர்டு கேட்கிறது.

பதில்: தொலைவிலிருந்து வரும் அமர்வை ‘லோக்கல்’ என்று போல்கிட் கணக்கில் எடுப்பதில்லை. லாகின்சிடிஎல் கட்டளையில் உங்கள் அமர்வைப் பாருங்கள், ‘ரிமோட்=எஸ்’ என்றிருக்கும். இது பழுதல்ல. பாஸ்வேர்டு கொடுத்துவிடுங்கள், விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சூடோ (ரூட் உரிமையில் இயக்கும் கட்டளை) போட்டுத் திறந்து மவுண்டும் செய்துவிட்டேன். கோப்பு எதுவும் எழுத முடியவில்லை.

பதில்: பூட்டு திறந்துவிட்டது, இப்போது தடுப்பது ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையின் உரிமை. மவுண்ட் ஆன அடைவில் ‘எல்எஸ் -எல்டிஎன்’ போட்டால் உரிமையாளர் இடத்தில் 0 0 என்று வரும், அதாவது ரூட். அந்த மேல் அடைவுக்கு மட்டும் ஒருமுறை சௌன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்யுங்கள், மறுதுவக்கத்துக்குப் பிறகும் நிற்கும். வட்டில் பதிவாவது பயனர் பெயரல்ல, எண். இங்கே 1000 ஆக இருப்பவர் வேறு கணினியில் 1001 என்றால் அங்கே மறுபடி மாட்டுவார். வட்டில் கோப்பு முறைமை எக்ஸ்ஃபேட் என்றால் சௌன் எடுபடாது. மவுண்ட் செய்யும்போதே யுஐடி (பயனர் எண்) கொடுக்க வேண்டும்.

கேள்வி: ‘டிஸ்க்’ குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டால் எல்லாம் தீருமா?

பதில்: தீராது. கிரிப்ட்செட்டப் (லக்ஸைத் திறக்கும் கட்டளை) வட்டைத் திறக்க, கர்னலின் டிவைஸ்-மேப்பர் பகுதியின் கட்டுப்பாட்டுக் கோப்பு தேவை, அது ரூட்டுக்கு மட்டும்தான். பதிலுக்கு, கணினியிலுள்ள எல்லா வட்டுகளையும் நேரடியாகப் படித்து அழிக்கும் உரிமை உங்கள் கணக்கில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் போய்விடும். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் வெளியே வாருங்கள்.