ஆகாரே, எங்கே போகிறாய்?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 9 ஆண்டுகளாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'ஏய், இங்கே வா' என்பதுதான் என் பெயர். வீட்டில் சொல்லி அழுதால், "வேதம் தாழ்மையாகத்தானே இருக்கச் சொல்கிறது" என்கிறார் அம்மா. மரியாதையை எதிர்பார்ப்பது பாவமா?
- பெயர் வேண்டாம், பழங்காநத்தம்

பதில்: பாவமே இல்லை, சகோதரி. தம்மை அறைந்த சேவகனிடம், "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசுவே கேட்டார். யோவான் 18-இல் இருக்கிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம், 16-ஆம் அதிகாரம். ஆகார் எகிப்திலிருந்து வந்த அடிமைப்பெண்; ஆபிராமின் மனைவி சாராய்தான் அவளுடைய நாச்சியார், அதாவது எஜமானி. அந்த அதிகாரத்தில் சாராய் வாயிலும் ஆபிராம் வாயிலும் அவள் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. 'அடிமைப்பெண்' என்றுதான் வருகிறது. சாராயின் கொடுமை தாங்காமல் வயிற்றுப்பிள்ளையோடு ஓடியவளை, சூருக்குப் போகும் வழியில் நீரூற்றருகே கண்ட கர்த்தருடைய தூதர்தான் முதன்முதலில் 'ஆகாரே' என்கிறார். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். நாச்சியாரை விட்டு ஓடிப்போகிறேன் என்று முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். இரண்டாவதற்கு அவளிடம் பதில் இல்லை. அப்படி நின்றவள்தான், "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று தேவனுக்கே பெயர் வைத்தாள்.

தூதர் அவளைத் திரும்பிப் போகச் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதை மழுப்ப மாட்டேன்.

நான் ஓர் அலுவலகத்தில் 22 ஆண்டுகள் தட்டச்சு செய்தவள். அங்கே எனக்கு 'டைப்பிஸ்ட்' என்றுதான் பெயர். மாலையில் ஏ.வி. பாலத்தில் நடந்து வரும்போது, அந்த இரண்டு கேள்விகளையும் என் பெயரைச் சேர்த்து எனக்குள் கேட்டுக்கொள்வேன். முதல் கேள்விக்கு அழுகை வரும். இரண்டாவதற்குப் பல மாதங்கள் ஒன்றுமே வரவில்லை. ஒரு நாள் மேலாளர் முன் போய் நின்று, "ஐயா, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றேன். குரல் நடுங்கியது; சொல்லி முடித்துவிட்டேன்.

கால்வலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 9 ஆண்டுகள் நின்ற கால்கள் வலிக்காமல் இருக்காது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. கேளுங்கள். கேட்கும்போது உங்கள் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கும் அதை எழுதுங்கள். அச்சிட மாட்டேன், ஜெபத்தில் சொல்வதற்கு வேண்டும்.