மலைக் குழந்தை மெலிந்திருந்தால் அது உடல்வாகா?

கேள்வி: கடம்பூர் மலையில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊராளிப் பழங்குடிக் குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்றுக்கு இப்போதுதான் இரண்டு வயது முடிந்தது. எடை 8.6 கிலோ, கைச்சுற்று (மேல்கையின் நடுவில் அளப்பது) 12.1 சென்டிமீட்டர். பெற்றோர் கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள், பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். ‘எங்க சனமே இப்படித்தானுங்க, சின்ன உருவம்’ என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாதுங்க. பாட்டி அப்படிச் சொல்வதில் தப்பில்லை, சுற்றிலும் அவர் பார்த்த குழந்தைகள் எல்லாம் அப்படித்தான். மருத்துவம் படித்த எங்கள் ஆட்களே சிலர் அதைச் சொல்வதுதான் எரிச்சல். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்காக ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள். டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்தால், எந்த நாட்டுக் குழந்தையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் பழங்குடிக் குழந்தைகளில் 40.9 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மொத்தக் குழந்தைகளில் அது 35.5. உடல்வாகு என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரி எடை 11.5 கிலோ. 9-க்குக் கீழே போனால் எடைக் குறைவு. கைச்சுற்று 12.5-க்குக் குறைவு என்றால் அளக்கும் நாடாவில் மஞ்சள், அதாவது மிதமான மெலிவு; 11.5-க்குக் குறைந்தால் சிவப்பு, கடுமையான மெலிவு. உங்கள் குழந்தை மஞ்சளில் இருக்கிறாள். அப்புறம், இரண்டு புறங்கால்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர் கோத்த வீக்கம். அப்போது நாடா எந்த நிறம் காட்டினாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. பாட்டியிடம் ‘என்ன கொடுக்கிறீர்கள்’ என்பதோடு ‘எத்தனை தடவை’ என்றும் கேளுங்கள். காலையில் டீயும் பன்னும், மதியம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், ராத்திரி மிச்சச் சோறு: பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. வயிறு நிறையும், சத்து சேராது. டீயை நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை அது உடம்பில் சேர விடாது. குழந்தையின் வயிறு சின்னது என்பதால் ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். ராகிக் களி நல்லதுதான். ஆனால் வெறும் களி போதாது. தட்டைப்பயறுக் குழம்பில் பிசைந்து, ஒரு கரண்டி கடலெண்ணெய் விடச் சொல்லுங்கள். முட்டை, நிலக்கடலைப் பொடி, காட்டுக் கீரை, நெல்லிக்காய் எல்லாம் பாட்டிக்குப் புதிதல்ல. சத்துமாவு வீட்டுக்குப் போனால் மொத்தக் குடும்பத்துக்கும் கஞ்சியாகிவிடும். அதற்காகப் பாட்டியைக் கோபிக்காதீர்கள். முடிந்தால் மையத்திலேயே உங்கள் கண்முன் ஒரு வேளை ஊட்டிவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகைப் பரிசோதனை, பூச்சி மருந்து இரண்டையும் கேளுங்கள். நீண்ட நாள் இருமல் இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறாமல், கை கால் வீங்கி வலித்தால் பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்கான பரிசோதனை தேவை. மலைப்பகுதிப் பழங்குடிகளிடம் இது காணப்படுகிறது. 2023-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனை இலவசம்.

இரண்டு வாரம் கழித்து அதே தராசில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை ஏறவில்லை என்றாலோ, சாப்பாட்டைத் தள்ளினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெற்றோர் திரும்பி வந்து அடுத்த வெட்டுக்கு அவளையும் கூட்டிப் போனால் எடை அட்டையைக் கையில் கொடுத்தனுப்புங்கள். போகிற ஊர் அங்கன்வாடியிலும் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள்.